திரையில் மயில்கழுத்து, கையில் கரும்பச்சை: பட்டுப்புடவையின் நிறம் ஏன் மாறுகிறது?

கல்பனா_திருச்சி

தங்கையின் நிச்சயதார்த்தத்துக்காக ஓர் இணையக் கடையில் காஞ்சிப் பட்டு வாங்கினேன். கடைப் பெயர் வேண்டாம், பேச்சுவார்த்தை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. படத்தில் அருமையான மயில்கழுத்து நிறம். பார்சலைப் பிரித்தால் கரும்பச்சை. டியூப் லைட்டில் முழுக்கப் பச்சைதான். பால்கனிக்குக் கொண்டுபோய் உதறினால் மடிப்புகளில் மட்டும் நீலம் எட்டிப் பார்க்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், அம்மாவின் போனில் அதே பக்கத்தைத் திறந்தால் பளீரென்று ஒரு நீலம். என் ஆபீஸ் லேப்டாப்பில் சாம்பல் பூசிய மாதிரி ஏதோ ஒன்று. கடையில் கேட்டால், "லைட்டிங்கால லேசா கலர் மாறும்னு கீழேயே போட்டிருக்கோமே மேடம்" என்கிறார்கள். இதுவா லேசு?

எந்தத் திரையில் தெரிவது நிஜம்? வாங்குவதற்கு முன்பே இதைக் கண்டுபிடிக்க வழி உண்டா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நெல்லை_சங்கர்

இதில் ஆராய்ச்சி பண்ண என்ன இருக்கிறது மேடம்? போட்டோவை எடிட் பண்ணிப் போடுகிறார்கள். நேரில் தொட்டுப் பார்த்து வாங்கினால் இந்தப் பிரச்சினையே வராது.

தறிவீடு

சங்கர் சார், எடிட் பண்ணுவதும் உண்டுதான். ஆனால் இந்தப் புடவையை எடிட்டே பண்ணாமல் எடுத்தாலும் இதே கதிதான். நான் காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் பக்கம், மூன்று தலைமுறையாகத் தறி வீடு.

மயில்கழுத்துக்கு என்று தனியாகச் சாயம் போட்ட நூல் கிடையாது. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். பாவு என்பது தறியில் நீளவாக்கில் கட்டுவது, ஊடை என்பது நாடா என்ற ஓடத்தில் குறுக்கே போவது. மயில்கழுத்துக்குப் பெரும்பாலும் ஒன்று நீலம், இன்னொன்று பச்சை. தறியில் மாறி மாறி மேலும் கீழும் போவதால், ஒரு பக்கம் சாய்த்தால் பாவு நூல் வெளிச்சத்தை வாங்கித் திருப்பும், இன்னொரு பக்கம் சாய்த்தால் ஊடை நூல் திருப்பும். பட்டு நூலின் குறுக்குவெட்டு கிட்டத்தட்ட முக்கோணம். அதனால்தான் பருத்தியில் இதே இரட்டை நிறம் நெய்தாலும் இந்த மினுமினுப்பு வருவதில்லை. இரண்டில் எந்த நூல் தடிமனோ, அந்த நிறம் தூக்கலாகத் தெரியும்.

கல்பனா அம்மா, முந்தானைக் கடைசியில் குஞ்சம் தொங்கும் பாருங்கள், அது முழுக்கப் பாவு நூல். அதன் நிறம் என்ன என்று பார்த்துச் சொல்லுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.

கல்பனா_திருச்சி

பார்த்தேன் அண்ணா. குஞ்சம் அசல் நீலம், பச்சை மருந்துக்கும் இல்லை.

தறிவீடு

அப்போது ஊடைதான் பச்சை. உங்களுக்கு வந்தது மயில்கழுத்தேதான், புடவை மாறவில்லை. ஊடையைக் கொஞ்சம் தடிமனாகவோ, நிறம் அடர்த்தியாகவோ போட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அதனால் தட்டையாக விரித்து நேராகப் பார்த்தால் பச்சை மேலே வந்துவிடுகிறது. கொசுவம் வைத்துக் கட்டி நடக்கும்போது பாருங்கள், நீலம் வரும். எங்கள் வீட்டுக்குப் புடவை பார்க்க வருபவர்களுக்கு இந்த ரகத்தை மடித்த மடிப்பாக நீட்டவே மாட்டோம். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் திண்ணை வெளிச்சத்தில் விசிறிக் காட்டுவோம்.

மாந்துளிர், வாடாமல்லி என்று கேட்கிறார்களே, அதிலும் பாதிக்கு மேல் இப்படி இரண்டு நூல் விளையாட்டுத்தான்.

ஃப்ரேம்_பாபு

சென்னையில் துணிக்கடைகளுக்குப் படம் எடுப்பது என் தொழில். தறிவீடு அண்ணன் சொன்னதுடன் எங்கள் பக்கத்துக் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாஃப்ட்பாக்ஸ் என்று பெரிய வெள்ளைத் துணி மூடிய விளக்குகளை இரண்டு பக்கமும் வைத்துத்தான் புடவை எடுப்போம். நிழல் விழாது, சுருக்கம் தெரியாது, எல்லாப் படமும் ஒரே மாதிரி வரும். ஆனால் இரட்டை நிறப் பட்டுக்கு இதைவிட மோசமான வெளிச்சம் இல்லை. எல்லாத் திசையிலிருந்தும் ஒரே அளவு வெளிச்சம் விழுந்தால் பாவும் ஊடையும் கலந்து ஒரு சராசரி நிறமாக நிற்கும். அந்தச் சராசரி, மனிதக் கண் எந்தக் கோணத்திலும் பார்க்காத நிறம். அதையும் ஒரே கோணத்தில், ஒரே கிளிக்கில். புடவையோ அசைந்தால்தான் புடவை.

ஜரிகை இன்னொரு தலைவலி. அது உலோகம், எதிரே இருப்பதைத்தான் காட்டும். எதிரே வெள்ளை விளக்கு என்றால் வெள்ளிபோல வெளுத்துவிடும், எதிரே கறுப்புத் திரை என்றால் கரிபிடித்த மாதிரி வரும். "ஜரிகை தங்கமா தெரியட்டும்" என்று படம் முழுவதற்கும் மஞ்சள் ஏற்றச் சொல்வார்கள். மஞ்சள் ஏற்றினால் நீலம் பச்சைப் பக்கம் சாயும். கல்பனா மேடம், உங்கள் படத்தில் நேர்மாறாக நீலத்தைத் தூக்கியிருக்கிறார்கள் போல.

எடிட்டிங் பற்றி: கடைக்காரர் பின்னால் நின்றுகொண்டு "சேச்சுரேஷனை இன்னும் கொஞ்சம் தூக்குங்க" என்று சொல்லாத நாள் குறைவு. பக்கத்துக் கடைப் படம் பளபளக்கும்போது தன் படம் மட்டும் மங்கலாக இருக்கக்கூடாது என்ற பயம்தான் காரணம்.

விலை குறைந்த விசைத்தறிப் புடவைகளில் இன்னும் ஒரு படி மேலே போவார்கள். ஒரே ஒரு நிறத்தை மட்டும் படம் எடுத்துவிட்டு, மற்ற ஐந்து நிறங்களையும் கணினியிலேயே மாற்றிவிடுவார்கள். அந்த நிறத்துப் புடவை கேமரா முன்னால் வந்தே இருக்காது. கண்டுபிடிப்பது சுலபம்: சிவப்பு, பச்சை, நீலம் என்று எல்லாப் படங்களையும் அடுத்தடுத்துத் தள்ளிப் பாருங்கள். மாடலின் விரல், கொசுவ மடிப்பு, தோளில் விழும் சுருக்கம் எல்லாம் இம்மி பிசகாமல் அப்படியே இருந்தால், புடவை ஒன்று, மற்றதெல்லாம் மென்பொருள்.

நெல்லை_சங்கர்

நான் முதலில் சொன்னது இதைத்தானே!

சாந்தி_அக்கா

அந்த மடிப்பு விஷயம்! இப்போதே ஒரு ஆப்பைத் திறந்து பார்த்தேன். ஏழு நிறத்திலும் ஒரே மாதிரி ஒரு முடிக்கற்றை காதோரம் பறக்கிறது. சிரிப்பை அடக்க முடியவில்லை.

பிக்சல்_மணி

திரை பற்றி நான் சொல்கிறேன், டிஸ்ப்ளே சர்வீஸ்தான் வேலை.

இணையத்தில் நீங்கள் பார்க்கும் பெரும்பாலான படங்கள் எஸ்ஆர்ஜிபி என்ற நிற வரையறைக்குள் இருப்பவை. 1996இல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து, அன்றைய குண்டு மானிட்டர்களால் காட்ட முடிந்ததை அளவுகோலாக வைத்து உண்டாக்கியது. அதில் அகப்படாத நிறங்கள் நிறைய. குறிப்பாக நீலத்துக்கும் பச்சைக்கும் இடைப்பட்ட ஆழமான நிறங்களில்தான் அது மிகவும் பலவீனம். கல்பனா அக்கா தேர்ந்தெடுத்த புடவை சரியாக அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது! மாம்பழ மஞ்சள் வாங்கியிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

இப்போதைய நல்ல போன்கள் பி3 என்ற, அதைவிடச் சுமார் கால் பங்கு பெரிய வரையறையைக் காட்டும். ஐபோனில் 2016இல் வந்த 7ஆம் மாடலிலிருந்து உண்டு. போனில் பி3யில் எடுத்த படத்தை ஏதாவது செயலி வழியாக அனுப்பும்போது அந்த நிறக் குறிப்பு உதிர்ந்துபோனால், வாங்குபவர் திரையில் படம் சோகை பிடித்த மாதிரி தெரியும். இதற்கு நேர்மாறாக, அம்மா போனில் 'விவிட்' மோடு போட்டிருக்கும். எந்தப் படத்தையும் அது இழுத்துப் பளிச்சென்று காட்டும். செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பகுதியில் 'நேச்சுரல்' என்று மாற்றிவிட்டுப் பாருங்கள், பாதி ஏமாற்றம் அங்கேயே தெரிந்துவிடும். ஆபீஸ் லேப்டாப்பில் போடும் மலிவான பேனல் எஸ்ஆர்ஜிபியையே முழுதாகக் காட்டாது, அதுதான் அந்தச் சாம்பல்.

அப்புறம், புடவை பார்ப்பது பெரும்பாலும் ராத்திரி பதினோரு மணிக்கு. அந்த நேரத்தில் கண்ணுக்கு இதம் என்று போன் தானாகவே மஞ்சளுக்கு மாறியிருக்கும். அதை அணைத்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

எந்தத் திரை நிஜம் என்று கேட்டீர்கள். மூன்றுமே இல்லை அக்கா.

முருகேசன்_ஈரோடு

சிவப்புப் புடவையில் மெல்லிய கரை இருந்தால் வாட்ஸ்அப்பில் வரும்போது கரை கலங்கி வழிவது எதனால் மணி தம்பி?

பிக்சல்_மணி

அது ஜேபெக் சுருக்கம் அண்ணா. நம் கண் வெளிச்ச வித்தியாசத்தைத் துல்லியமாகப் பார்க்கும், நிற வித்தியாசத்தை அவ்வளவு பார்க்காது. அதனால் நிறத் தகவலை மட்டும் நீளத்தில் பாதி, அகலத்தில் பாதி என்று குறைத்துச் சேமிப்பார்கள். அதாவது நான்கு புள்ளிக்கு ஒரே நிறம். முகத்துக்கும் வானத்துக்கும் அது போதும். சிவப்பு உடலுக்கும் பச்சைக் கரைக்கும் நடுவில் ஒற்றை நூல் கோடு ஓடினால் அது கலங்கிவிடும். படத்தை டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், வாட்ஸ்அப் கூடுதலாகச் சுருக்குவதாவது தவிரும்.

சின்னக் கட்டம் போட்ட புடவையில் வானவில் மாதிரி அலை அலையாக வருவதும் துணியில் இல்லாததுதான். கேமரா சென்சாரின் கட்டமும் துணியின் கட்டமும் ஒன்றோடொன்று மோதுவதால் வருவது.

லேப்டிப்_திருப்பூர்

சாயப்பட்டறை லேபில் இருப்பவன் நான். எங்களுக்கு இது தினசரிச் சோறு.

ஏற்றுமதிக்கு ஒரு நிறம் கேட்டால் முதலில் சின்னத் துண்டில் சாயம் ஏற்றி 'லேப் டிப்' அனுப்புவோம். அதை ஒப்பிடுவது மேஜை மேலே வைத்து அல்ல, லைட் பாக்ஸ் என்ற பெட்டிக்குள். உள்ளே சாம்பல் நிறப் பூச்சு, சுவிட்ச் போட்டால் விளக்கு மாறும். டி65 என்றால் பகல் வெளிச்சம், டிஎல்84 என்றால் ஐரோப்பியக் கடைகளின் டியூப் லைட், ஏ என்றால் பழைய குண்டு பல்பு. டி65இல் இரண்டு துண்டும் ஒன்றேபோல் இருக்கும், டிஎல்84க்கு மாற்றியதும் ஒன்று சிவப்பாகச் சாயும். வேறு வேறு சாயக் கலவையில் ஒரே நிறத்தைக் கொண்டுவந்தால் இப்படி நடக்கும். பையர் எந்த விளக்கில் பார்ப்பார் என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்வோம். இல்லையென்றால் கன்டெய்னரே திரும்பி வரும்.

வீட்டு எல்இடி பற்றி ஒரு விஷயம். வெள்ளை எல்இடி உண்மையில் நீல விளக்கு, மேலே மஞ்சள் பாஸ்பர் பூச்சு. நீலத்தில் ஒரு கூர்மையான உச்சம், அதற்கும் பச்சைக்கும் நடுவில் ஒரு பள்ளம். மயில்கழுத்து ரகங்களை அந்தப் பள்ளம் நன்றாகவே படுத்தும். பல்பு அட்டையில் சிஆர்ஐ என்று ஓர் எண் இருக்கும், நிறங்களை அந்த விளக்கு எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கான அளவு அது. சூரிய வெளிச்சம் 100. சாதாரணப் பல்புகள் 80 சொச்சம். 90க்கு மேல் உள்ள ஒன்றை வாங்கிப் பீரோ இருக்கும் அறையில் போடுங்கள்.

கைத்தறிப் பட்டுக்குக் கையால் சாயம் ஏற்றும்போது லாட்டுக்கு லாட் நிறம் மாறும், தண்ணீர் மாறினால்கூட மாறும். படம் எடுத்தது ஒரு லாட், உங்களுக்கு வந்தது அடுத்த லாட் என்பதற்கும் வாய்ப்பு உண்டு.

நெல்லை_சங்கர்

ஆக மொத்தம் கேமராவைச் சொல்லுங்கள், திரையைச் சொல்லுங்கள், பல்பைச் சொல்லுங்கள், தண்ணீரையும் சொல்லுங்கள். கடைக்காரர் மட்டும் உத்தமர்! இத்தனை காரணமும் தெரிந்த கடை ஒரு வீடியோ எடுத்துப் போடலாமே? ஏன் போடுவதில்லை? படத்தைப் பார்த்து மயங்கி வாங்குபவர்களில் பத்துப் பேரில் இரண்டு பேர்தான் திருப்பி அனுப்பச் சண்டை போடுவார்கள் என்ற கணக்குத்தான்.

ஃப்ரேம்_பாபு

நியாயமான கேள்வி. பணமும் நேரமும்தான் காரணம். ஒரே நாளில் ஒரு கட்டுப் புடவையையும் முடித்துக் கொடுக்கச் சொல்வார்கள். ஆனால் சின்னச் சின்ன இன்ஸ்டா கடைக்காரப் பெண்கள் பெரிய கடைகளைவிட இதில் நேர்மை. மொட்டை மாடியில் நின்று போனைப் பிடித்துப் புடவையை உதறிக் காட்டுகிறார்கள். வெளிச்சம் சுமார்தான், பின்னால் துணிக்கொடி தெரியும், ஆனால் நிறம் ஏறக்குறைய அதுவாகவே இருக்கும்.

தூரிகை

ஓவிய ஆசிரியையாக ஒரு பழைய கதை சொல்ல ஆசை. இதே புகார் 200 வருடத்துக்கு முன்னால் பாரிஸில் வந்தது.

கோப்லான் என்று அரசாங்கத் திரைச்சீலை நெசவாலை. அங்கே சாயப் பிரிவுக்கு 1824இல் மிஷேல் செவ்ரெல் என்ற வேதியியல் அறிஞரைப் பொறுப்பாகப் போட்டார்கள். கறுப்புச் சாயம் சரியில்லை, நீலத்துக்குப் பக்கத்தில் நெய்தால் கறுப்பு வெளிறித் தெரிகிறது என்று புகார். செவ்ரெல் மற்ற ஆலைகளின் கறுப்பையும் வாங்கி ஒப்பிட்டுப் பார்த்தார். சாயத்தில் குற்றமே இல்லை. பக்கத்தில் இருக்கும் நிறம்தான் கண்ணை மாற்றுகிறது. ஒரு நிறம் பக்கத்து நிறத்தைத் தன் எதிர் நிறத்துப் பக்கம் தள்ளும். 1839இல் இதை விரிவாக எழுதி வெளியிட்டார். பிற்பாடு சூராவைப் போன்ற ஓவியர்கள் புள்ளி புள்ளியாக நிறம் வைத்ததற்கு இதுவும் ஒரு வேர். மனிதர் 102 வயது வரை இருந்தார்!

நம் புடவைக்கு வருவோம். உடலுக்கும் கரைக்கும் எதிர் நிறம் போடுவது காஞ்சிபுரத்தில் காலம் காலமாக உண்டு. பச்சைக்கு அரக்குக் கரை போட்டால் பச்சை இன்னும் பச்சையாகும். கல்பனா, உங்கள் புடவைக் கரை என்ன நிறம்? சிவப்புச் சாயல் என்றால் பச்சையைத் தூக்கிக் காட்டுவதில் அதற்கும் பங்கு உண்டு. கரையைத் துண்டால் மூடிவிட்டு உடலை மட்டும் பாருங்கள்.

கல்பனா_திருச்சி

கரை அரக்குதான் டீச்சர்! மூடிவிட்டுப் பார்த்தேன், கொஞ்சம் நீலமாகத்தான் தெரிகிறது. தங்கை "உனக்குப் பைத்தியம்" என்றாள். அவளையும் பார்க்கச் சொன்னேன். அப்புறம் பேசவில்லை.

முருகேசன்_ஈரோடு

2015இல் உலகமே சண்டை போட்ட அந்த கவுன் ஞாபகம் வருகிறதா? நீலம்-கறுப்பு என்று ஒரு கோஷ்டி, வெள்ளை-தங்கம் என்று ஒரு கோஷ்டி. ஸ்காட்லாந்தில் ஒரு கல்யாணத்துக்காக எடுத்த துணியின் படம். எங்கள் வீட்டில் நான் நீலம், மனைவி வெள்ளை. கடைசியில் அது நீலம்-கறுப்புதான் என்று விற்ற கடையே சொன்னது. அப்புறம் வெள்ளை-தங்கத்திலும் ஒன்றே ஒன்று தைத்து நன்கொடைக்காக ஏலம் விட்டார்கள்.

தூரிகை

அங்கே நடந்தது மூளையின் ஊகம். நிழலில் இருக்கிறது என்று நினைத்த மூளை நீலத்தைக் கழித்து வெள்ளை என்றது. மஞ்சள் விளக்கில் இருக்கிறது என்று நினைத்த மூளை மஞ்சளைக் கழித்து நீலம் என்றது. படத்தில் விளக்கு எங்கே என்று தெரியாததுதான் வினை. புடவைப் படங்களிலும் வெள்ளைப் பின்னணியை வெட்டி ஒட்டும்போது இதே குறை வந்துவிடுகிறது.

மதுரை_அட்வகேட்

அறிவியல் போதும், கொஞ்சம் சட்டமும் கேளுங்கள்.

2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் திருப்பி எடுக்கவோ பணம் தரவோ விற்பவர் மறுக்க முடியாது. "லேசாக நிறம் மாறலாம்" என்ற வரி லேசான மாற்றத்துக்குத்தான் குடை பிடிக்கும், நீலம் என்று காட்டிப் பச்சை அனுப்புவதற்கு அல்ல என்பது என் வாதமாக இருக்கும். கடையின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் கிடைத்ததாக ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நகரவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே என்றால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது.

ஆனால் கல்பனா அம்மாவின் வழக்கில் எதிர்த்தரப்பு தறிவீடு அண்ணனைச் சாட்சியாகக் கூப்பிட்டால் எனக்குக் கஷ்டம்தான்!

தறிவீடு

கூப்பிட்டால் வருவேன் சார். ஆனால் கடைக்காரரையும் ஒரு கேள்வி கேட்பேன்: பாவு நீலம், ஊடை பச்சை என்று ஒரு வரி எழுத என்ன செலவு? நாங்கள் கொடுக்கும்போது சொல்லித்தான் கொடுக்கிறோம். இணையப் பக்கத்தில் ஏற்றுபவர்கள் 'பீகாக் ப்ளூ' என்று போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

சாந்தி_அக்கா

பார்சலைப் பிரிக்கும்போது வெட்டாமல் வீடியோ எடுத்தால்தான் ரிட்டர்ன் என்கிறார்களே, அது எதற்கு ஆகும்? வீடியோவிலும் நிறம் மாறித்தானே வரும்?

ஃப்ரேம்_பாபு

கிழிசல், கறை, வேறு புடவை வந்தது என்றால் உதவும். நிறத்துக்கு உதவ வேண்டுமென்றால் புடவைக்குப் பக்கத்தில் ஒரு ஏ4 தாளை வைத்து எடுங்கள் அக்கா. தாள் வெள்ளையாகத் தெரிந்தால் நிறம் ஓரளவு நம்பலாம். தாளே மஞ்சளாகத் தெரிந்தால் அந்த வீடியோவை வைத்து நிறம் பேச முடியாது. கடைக்காரரிடம் படம் கேட்கும்போதும் இதையே கேளுங்கள். காலை பத்து, பதினோரு மணிக்கு, வாசலில் வெயில் நேராகப் படாத இடத்தில், தாளோடு சேர்த்து, விரித்து ஒன்று, கொசுவி ஒன்று, உதறும் வீடியோ ஒன்று. தர மறுத்தால் அங்கே வாங்காதீர்கள்.

முருகேசன்_ஈரோடு

சில்க் மார்க் இருந்தால் நிறத்துக்கும் உத்தரவாதமா?

தறிவீடு

இல்லை. அது மத்தியப் பட்டு வாரியத்தின் ஏற்பாடு, நூல் தூய பட்டு என்பதற்கு மட்டும். நிறத்துக்கும் சரி, ஜரிகைக்கும் சரி, அதில் பேச்சில்லை.

கல்பனா_திருச்சி

எல்லோருக்கும் நன்றி. கடைக்கு எழுத்தில் அனுப்பிவிட்டேன். பாவு, ஊடை நிறத்தை ஏன் போடவில்லை என்று கேட்டதும் தொனி மாறிவிட்டது. மாற்றித் தருகிறோம், இல்லையென்றால் கொஞ்சம் விலை குறைக்கிறோம் என்கிறார்கள். தங்கை இதற்குள் புடவையை மேலே போட்டுப் பார்த்துவிட்டுத் தர மாட்டேன் என்கிறாள். விலைக் குறைப்பைத்தான் வாங்கிக்கொள்ளப் போகிறேன். கடைசியாக ஒன்று: பிளவுஸ் துணி தனியாக எடுக்க வேண்டும். நீலமா, பச்சையா?

லேப்டிப்_திருப்பூர்

எதுவானாலும் போனில் பார்த்து எடுக்காதீர்கள். புடவையையே கையில் கொண்டுபோங்கள். நிச்சயதார்த்தம் மண்டபத்திலா, வெளியிலா? மண்டபம் என்றால் கடை விளக்கிலும் பாருங்கள், வாசலுக்குக் கொண்டுபோயும் பாருங்கள். இரண்டிலும் ஒத்துப்போகிற துணியை எடுங்கள்.

தறிவீடு

பச்சை எடுத்தால் புடவை நீலமாகத் தெரியும், நீலம் எடுத்தால் பச்சையாகத் தெரியும், டீச்சர் சொன்ன கணக்குப்படி. எங்கள் வீட்டுப் பெண்கள் இந்த ரகத்துக்குக் கரை நிறத்தில்தான் பிளவுஸ் தைப்பார்கள். அரக்கு எடுத்துவிடுங்கள் அம்மா.

நெல்லை_சங்கர்

அரக்கிலும் பாவு என்ன, ஊடை என்ன என்று கேட்டு வாங்குங்கள் மேடம்.